ஆறு மஞ்சள் அட்டைகள்

அத்தியாயம் 11

போன வாரம் நம் கண்ணாடிக்காரியை விட்டுவந்தபோது அவள் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். "பணத்தை நாளைக்குக் கண்டிப்பா அனுப்பிடறேன் அக்கா" என்றது மறுமுனை. ஒரே மாதத்தில் இது ஒன்பதாவது நாளை.

பேசியது வீட்டு ஏஜென்ட். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் அவளுடைய சின்ன வீட்டுக்கு ஆள் பிடிப்பது, வாடகை வசூலிப்பது, அட்வான்ஸை வாங்கி வைத்துக்கொள்வது எல்லாம் அவன்தான். நடக்கும்போது இடுப்பில் சாவிகள் குலுங்குவதால் எல்லோரும் அவனைச் சாவிக்கொத்து என்பார்கள். அவனும் அதை ஒரு பட்டமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டான்.

வீடு கண்ணாடிக்காரியின் பேரிலும் அவள் கணவர் பேரிலும் இருக்கிறது. அவர் லிஃப்ட் மெக்கானிக். சொந்தத் தங்கையே அவருக்கு வைத்த பேர் வள்ளல். சம்பளம் வந்த மூன்றாம் நாள் யாருக்காவது கைமாற்று கொடுத்துவிட்டு, "பாவம், அவனுக்கு யார் இருக்கா" என்று வாசலில் வந்து நிற்பவர். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க மட்டும் அவருக்கு வாய் வராது.

அதனால்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளும் நாத்தனாரும் கூடிப் பேசி அந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். மாதா மாதம் வாடகையில் ஐந்தில் ஒரு பங்கைச் சாவிக்கொத்தே பிடித்து வைத்துக்கொள்வான். அது கூரைப் பணம். அந்த வீட்டின் கூரையை என்றாவது ஒருநாள் மாற்றியாக வேண்டும், அதுவரை பணம் வள்ளலின் கண்ணில் படக்கூடாது. வாடகையே அவ்வளவுதான் என்று அவர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். ஒப்பந்தத்தில் தொகை இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அவர் எந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்?

தன் பேரில் தனியாக ஒரு கணக்குத் தொடங்கியிருக்கலாமே என்று மூன்று வாசகிகள் எழுதியிருக்கிறீர்கள். தொடங்கியிருக்கலாம்தான். வங்கியிலிருந்து கடிதம் வரும், அவர் பிரித்துப் பார்ப்பார் என்று பயந்தாள். கணவரிடமிருந்து பணத்தைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்தவள், சாவிக்கொத்திடமிருந்து அதை யார் காப்பாற்றுவது என்று யோசிக்கவில்லை. எனக்கும் அவள்மேல் கோபம்தான். ஆனால் இந்த வியாழக்கிழமை அவள் செய்ததைப் பார்த்தபிறகு கொஞ்சம் தணிந்துவிட்டது.

•

காலை பத்து மணி. கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவள் ஒரு லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்துப் போடுகிற வகை லென்ஸில் கம்பெனிக்காரன் பொடிப்பொடியாக ஒரு குறி பொறித்திருப்பான். அதைக் கண்டுபிடித்து மை வைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். மற்றவர்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவதை அவள் வெறும் கண்ணிலேயே பிடித்துவிடுவாள்.

கதவருகே நிழல் விழுந்தது. அவள் வீட்டில் குடியிருக்கும் டீச்சர் வந்து நின்றாள்.

"சனிக்கிழமை காலி பண்றேன்."

"தெரியும் டீச்சர்."

"புது வீட்டுக்கு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் கட்டணும். இல்லேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். ஏஜென்டைக் கேட்டா, நீங்க இன்னும் சரின்னு சொல்லலைங்கறார்."

"நான் ரெண்டு வாரம் முன்னாடியே எழுதிக் குடுத்தாச்சு."

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் பழகிய நிதானம். "இருக்கலாம்மா. ஆனா ஒப்பந்தத்துல இருக்கறது உங்க ரெண்டு பேர் பேர்தான். அவர் உங்களுக்காகத்தான் வாங்கினார். அவர் தந்தாலும் தராட்டாலும் நான் உங்ககிட்டதான் கேப்பேன்."

நியாயமான பேச்சு. நாலு மாத வாடகை அட்வான்ஸ். வீட்டில் தேடினால் அரை மாத வாடகைகூடத் தேறாது, ஏனென்றால் இருக்கிற சேமிப்பு எல்லாம் சாவிக்கொத்திடம் இருக்கிறது. கூரைப் பணம் மட்டுமே பதினாலு மாத வாடகைக்கு மேல்.

"நாளைக்குள்ள உங்க கைக்கு வரும்" என்றாள்.

எந்த தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. சொன்ன பிறகு செய்துதானே ஆக வேண்டும். முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டுவிட்டு, லாண்டரி நடத்தும் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"கடையைச் சாத்திட்டு வா. சாவிக்கொத்துகிட்ட போறோம்."

"இஸ்திரிப் பெட்டி சூடா இருக்கு அண்ணி."

"நானும்தான்."

•

சாவிக்கொத்தின் ஆபீஸ் ஒரு நோட்டுப் புத்தகக் கடைக்கு மேலே, முதல் மாடியில். குறுகலான படி. பாதி வழியில் பேக்கரிக்காரம்மா இறங்கி வந்துகொண்டிருந்தாள். பேக்கரிக்கு மேலே இருக்கும் வீட்டை அவளும் இவனிடம்தான் விட்டிருந்தாள். கையில் இரண்டு சாவிகள்.

"நீங்களும் சாவி வாங்க வந்தீங்களா?" என்றாள் பேக்கரிக்காரம்மா.

"பணம் வாங்க வந்தோம்."

"அது கஷ்டம். சாவியைத்தான் நான் எட்டிப் பறிச்சேன். என் வீட்டுக்குப் புதுசா வர்றவங்க நேத்துதான் இவன்கிட்ட அட்வான்ஸ் கட்டியிருக்காங்க. அஞ்சு மணிக்கு எனக்கு அனுப்பறேன்னு சொல்றான். அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன்." ஒரு படி கீழே இறங்கியவள் திரும்பினாள். "ஒண்ணு கேளுங்க. நம்ம பணமெல்லாம் அவன் சொந்தக் கணக்குல கிடக்குதா, இல்ல வீட்டுக்காரங்க பணத்துக்குன்னு தனிக் கணக்கு வச்சிருக்கானான்னு கேளுங்க. நான் கேட்டேன். தண்ணி குடிக்க எழுந்து போயிட்டான்."

உள்ளே சாவிக்கொத்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "வாங்க அக்கா, வாங்க. உக்காருங்க."

நாத்தனார் உட்காரவில்லை. கண்ணாடிக்காரி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் கண் சுவருக்குப் போயிற்று.

அந்தச் சுவர்தான் சாவிக்கொத்தின் கணக்குப் புத்தகம். எட்டு வரிசை, வரிசைக்குப் பத்துக் கொக்கி. ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு வீட்டுச் சாவி, சாவியோடு கட்டிய மஞ்சள் அட்டை. முன்பக்கம் வீட்டுக்காரரின் போன் நம்பர். பின்பக்கம், யாருக்காவது பணம் பிடித்து வைத்தால் அந்த மாதத் தொகையும் அவன் சுருக்கொப்பமும். ரசீது என்று ஒன்று அவன் கொடுத்ததே இல்லை. "சுவர்லயே இருக்கே அக்கா, எல்லாரும் பார்க்கற இடத்துல" என்பான். அவளுடைய கொக்கியில் வருஷத்துக்கு ஒன்றாக ஆறு அட்டைகள் தொங்கின. ஒவ்வொரு தடவை வரும்போதும் அவற்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டுப் போவாள்.

இன்று எண்ணினாள். எண்பது கொக்கிகளில் இருபத்து மூன்று சாவிகள்தான் இருந்தன. மற்ற கொக்கிகள் வெறுமையாக இருந்தன. மற்றவர்களுக்கெல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது.

"டீச்சரோட அட்வான்ஸ். என்னோட கூரைப் பணம். ரெண்டும் வேணும்."

"அதுக்கென்ன அக்கா. உங்க பணம்தானே."

"எந்தக் கணக்குல இருக்கு?"

"நம்ம கணக்குலதான்."

"நம்மன்னா? உங்க சொந்தக் கணக்கா, எங்க பணத்துக்குன்னு தனியா ஒண்ணா?"

சாவிக்கொத்து எழுந்தான். "தொண்டை கட்டிக்கிச்சு. கொஞ்சம் தண்ணி…"

"பாட்டில் உங்க முன்னாடியே இருக்கு" என்றாள் நாத்தனார்.

அவன் உட்கார்ந்து, வேண்டாத தண்ணீரை இரண்டு மடக்குக் குடித்தான்.

அவன் தலைக்கு மேல் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ். ஏஜென்டுகள் சங்கத்தில் அவன் உறுப்பினர், வீட்டுக்காரர்களின் பணத்துக்கு ஏதாவது நேர்ந்தால் சங்கம் குறிப்பிட்ட தொகைவரை ஈடுகட்டும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஆறு வருஷமாக அவளுக்கு நிம்மதி கொடுத்த சான்றிதழ் அது. அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அடுத்தவர் கண்ணுக்கு எழுத்துத் தெரிய வேண்டும் என்று நாளெல்லாம் பாடுபடுகிறவள், தன் கண்ணெதிரே இருந்த அந்த வரியை இன்றுதான் படித்தாள்.

"இது முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு."

"புதுசு தபால்ல வருது அக்கா."

"ரெண்டு வருஷமாவா?" என்றாள் நாத்தனார். "நடந்தே வருதோ?"

சாவிக்கொத்தின் சிரிப்பு சுருங்கியது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நான் குடுக்க மாட்டேன்னா சொல்றேன்? ஒப்பந்தம் ரெண்டு பேர் பேர்ல இருக்கு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் ஒரு காசை நான் நகர்த்த முடியும். சாரைக் கூட்டிட்டு வாங்களேன்." கொஞ்சம் நிறுத்தினான். "கூரைப் பணம் விஷயம் சாருக்குத் தெரியும்ல?"

தெரியாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருஷமாகத் தம்பி மாதிரி என்று நினைத்தவன், அவள் ரகசியத்தையே எடுத்து அவள் வாயை அடைக்கப் பார்க்கிறான். நாத்தனார் ஒரு அடி முன்னால் வந்தாள். கண்ணாடிக்காரி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

வாயால் சொன்ன பவரை நம்பி அவள் ஒரு லென்ஸைக்கூட வெட்டியதில்லை. சீட்டில் எழுதி வந்தால்தான் மெஷினையே போடுவாள். அந்தப் பழக்கம்தான் இப்போது அவள் வாயில் வந்தது.

"சரி. அதை எழுதிக் குடுங்க."

"எதை அக்கா?"

"ரெண்டு கையெழுத்து இல்லாம இந்த வீட்டுப் பணத்தைத் தொட முடியாதுன்னு. லெட்டர்ஹெட்ல எழுதி, தேதி போட்டு, சீல் வைங்க. அதைக் காட்டித்தான் அவரைக் கூட்டிட்டு வரணும்."

ஒரு நாள் தப்பித்தோம் என்று அவனுக்குச் சந்தோஷம். மளமளவென்று எழுதினான். கெத்தாக இருக்கட்டும் என்று, கேட்காமலே ஒரு வரியும் சேர்த்தான்: ஒப்பந்தம் போட்ட நாள் முதல் இதுவே எங்கள் நடைமுறை. சீலை இரண்டு தடவை குத்தினான்.

அவள் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு சுவரருகே போய்த் தன் சாவியை ஆறு அட்டைகளோடு கொக்கியிலிருந்து எடுத்தாள்.

"சாவி இருக்கட்டும் அக்கா. புது ஆளுங்களுக்குக் காட்டணுமே."

"நான் காட்டிக்கறேன்."

•

வள்ளல் அன்று ஒரு எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்டை நிறுத்திவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே எட்டு மாடியும் நடை. ஆறாவது மாடியில் நாத்தனார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நானே சொல்லிடறேன் அண்ணி. யோசனை என்னோடதுதானே."

"மறைச்சு வச்சது நான். நான்தான் சொல்லணும்."

மெஷின் அறையில் எண்ணெய் வாடை. அவர் குனிந்து ஒரு நட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துப் பதறி எழுந்தார்.

அவள் நின்றபடியே சொன்னாள். எவ்வளவு, எத்தனை வருஷம், எதற்கு, ஏன் மறைத்தாள். இடையில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று தெரியும்.

அவர் பழைய துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"என்கிட்டேர்ந்தா ஒளிச்சே?"

"ஆமா."

"நான் அவ்வளவு மோசமா?"

"மோசம்னு யார் சொன்னா? உங்க கையில காசு தங்காது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்" என்றார். அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்ன விதம் அவளைச் சுட்டது. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஆனாலும் ஆறு வருஷப் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியதும் உண்மை.

அவள் வழியிலேயே எழுதிவைத்த ஒரு கடிதத்தை நீட்டினாள். அட்வான்ஸையும் கூரைப் பணத்தையும் உடனே திருப்ப வேண்டும் என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டிருந்தாள். அவர் பேனாவைத் திறந்தார். திறந்த பேனா அப்படியே நின்றுவிட்டது.

"நானும் ஒண்ணு சொல்லணும்."

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். "அண்ணா, என்ன பண்ணி வச்சே?"

"நாலு மாசம் முன்னாடி அவன் இங்கேயே வந்தான். ரொம்ப முடை, உங்க வாடகையை ரெண்டு மாசம் புரட்டிக்கட்டுமான்னு கேட்டான். கண்ணுல தண்ணி நிக்குது. எனக்கு மனசு கேக்கல."

"எழுதிக் குடுத்தீங்களா?"

"அவனே எழுதிட்டு வந்திருந்தான். நான் கையெழுத்துதான் போட்டேன்."

"படிச்சீங்களா?"

அவர் டூல் பையின் அடியிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த நகல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நகல் கொடுத்த மட்டில் சாவிக்கொத்து யோக்கியன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் படித்தாள். எங்கள் வீடு சம்பந்தமாகத் தங்களிடம் உள்ள எல்லாத் தொகைகளையும் தங்கள் தொழிலுக்குப் பயன்படுத்திக்கொள்ள எனக்குச் சம்மதம். எல்லாத் தொகைகளையும் என்றால் டீச்சரின் அட்வான்ஸும் அதில் வரும். அவர் கேள்விப்பட்டே இராத கூரைப் பணமும் வரும். அவரிடமிருந்து அவள் ஒளித்துவைத்த பணத்தை, இருப்பதே தெரியாமல் அவர் தானம் செய்திருக்கிறார்.

நாத்தனார் டூல் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். "அவ்வளவுதான். எல்லாம் போச்சு."

கண்ணாடிக்காரி நகலை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள். அடிப்பகுதியில் வள்ளலின் கிறுக்கல் கையெழுத்து. பக்கத்தில் அவள் கையெழுத்து இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

பையிலிருந்து மத்தியானக் காகிதத்தை எடுத்து இரண்டையும் ஜன்னல் கட்டையில் அருகருகே வைத்தாள். ஒப்பந்தம் போட்ட நாள் முதல், இரண்டு கையெழுத்து இல்லாமல், இந்த வீட்டுப் பணம் எதையும் தொட முடியாது. இரண்டு சீல்.

முதலில் சிரித்தது நாத்தனார்தான். வள்ளலுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் சிரிக்கவில்லை. அவள் முதலில் நீட்டிய கடிதத்தை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, மனைவியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன்னுடையதைப் போட்டார்.

"நானும் வரேன். லிஃப்டை ஓட விட்டுட்டு வந்துடறேன், இல்லேன்னா எட்டாவது மாடிக்காரங்க என்னைத் தூக்கிப் போட்டுடுவாங்க."

•

ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மூவரும் சாவிக்கொத்தின் முன்னால் இருந்தார்கள். அவள் எதிர்பார்த்தபடியே அவன் டிராயரிலிருந்து வள்ளலின் கடிதத்தை எடுத்துப் பவ்வியமாக மேஜைமேல் வைத்தான்.

"சார் மனசு யாருக்கு வரும்? அவரே சம்மதிச்சுத்தான்…"

அவள் அவன் எழுதிக்கொடுத்ததை அதன் மேலும், இருவரும் கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் பக்கத்திலும் வைத்தாள். அவன் தன் சீலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப எழுதுங்க" என்றாள். "கூரைப் பணம் மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள்ள தருவீங்க. அட்டை ஆறும் இங்கே இருக்கு, கூட்டிக்கலாம். இனிமே யார் குடிவந்தாலும் வாடகை நேரா எங்க கணக்குக்கு வரும். அட்வான்ஸும் உங்ககிட்ட வராது. உங்க கமிஷனை நாங்க தனியா அனுப்பறோம். டீச்சரோட அட்வான்ஸை மட்டும் இப்பவே, என் கண் முன்னாடி அனுப்புங்க."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா நேரா சங்கத்துக்குப் போறேன். அங்கேர்ந்து போலீஸுக்கு. அட்டையில உங்க ஒப்பம் எழுபத்திரண்டு இருக்கு."

வள்ளல் இதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார். "எழுதுப்பா" என்றார். அவர் யாரிடமும் கேட்டு வாங்கி அவள் பார்த்ததில்லை.

சாவிக்கொத்து எழுதினான். கூரைப் பணத்துக்கு ஒரு மாதத் தவணை போட்டான். பிறகு போனை எடுத்து வங்கிக் கணக்கைத் திறந்தான். அவள் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

கணக்கு அவன் சொந்தப் பேரில் இருந்தது. பெட்ரோல், அவன் வீட்டுக் கரண்டு பில், ஒரு பெரிய டிவியின் தவணை, யாரோ ஒருவருக்கு வாடகை, மறுபடி பெட்ரோல். எல்லாம் ஒரே கணக்கில் வந்து ஒரே கணக்கில் போயிருந்தன. விரல் நகரும் வேகத்தில் எழுத்துகள் ஓடின. ஆனால் பொடி எழுத்து அவளிடம் தப்பாது. நேற்றுக் காலை கணக்கில் இருந்தது அநேகமாக ஒன்றுமில்லை. நேற்று மத்தியானம் ஒரே ஒரு வரவு. அதன் குறிப்பு: பேக்கரி மாடி அட்வான்ஸ்.

அவன் விரல் அழுத்திவிட்டது.

ஒரு நிமிஷத்தில் டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. பணம் வந்துடுச்சு, ரொம்ப நன்றிம்மா.

"பார்த்தியா" என்றார் வள்ளல், படி இறங்கும்போது. "கேட்டதும் குடுத்துட்டான். ஆள் அவ்வளவு கெட்டவன் இல்லை."

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினாள். அவளுடைய பணம் எப்போதோ பெட்ரோலாகவும் டிவியாகவும் போய்விட்டது. இப்போது டீச்சருக்குப் போனது வேறொருத்தியின் பணம்.

பாதிப் படியில் அந்த வேறொருத்தி ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"அஞ்சு ஆயிடுச்சு" என்றாள் பேக்கரிக்காரம்மா. "எனக்கு இன்னும் வரல. உங்களுக்கு ஏதாவது குடுத்தானா?"

வள்ளலுக்கு அந்தக் கேள்வி வந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. மனைவியின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார். அவள் காதருகே குனிந்து, "நமக்கு வர வேண்டியது வந்துடுச்சு. டீச்சர் நல்லபடியா வீடு மாறட்டும். வா போயிடலாம்" என்றார். நான் நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி வள்ளல் என்று கூப்பிட்ட மனிதர்தான் இப்படிச் சொன்னார். பயம் யாரை விட்டது.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க காசையெல்லாம் ஊருக்குக் குடுத்தீங்க. நான் சண்டை போட்டேன், ஒளிச்சும் வச்சேன். ஆனா அடுத்தவங்க காசை நீங்க ஒருநாளும் தொட்டதில்லை. இன்னைக்கு ஆரம்பிக்க வேண்டாம்."

அவர் முகம் சிவந்துபோயிற்று. ஒதுங்கி வழிவிட்டார்.

"அம்மா" என்றாள் கண்ணாடிக்காரி, பேக்கரிக்காரம்மாவிடம். "உங்க பணம் அவன்கிட்ட இல்லை. இப்பத்தான் அதை எடுத்து எங்க டீச்சருக்கு அனுப்பினான். நான் என் கண்ணால பார்த்தேன். அவன்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்."

பேக்கரிக்காரம்மா சுவரில் சாய்ந்தாள். "அப்ப நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

"என்கிட்டயும் கேளுங்க. ஆனா அதுக்கு முன்னாடி மேல வாங்க. அந்தச் சுவர்ல இன்னும் இருபத்திரண்டு சாவி தொங்குது. ஒவ்வொரு அட்டையிலயும் வீட்டுக்காரங்க போன் நம்பர் இருக்கு. எல்லாரையும் இன்னைக்கே இங்கே வரவழைப்போம். தனித்தனியா வந்தா உங்க காசை எடுத்து எனக்குக் குடுப்பான், என் காசை எடுத்து இன்னொருத்தருக்கு. எல்லாரும் ஒண்ணா நின்னா அவனால யாருக்கும் டேக்கா குடுக்க முடியாது."

நாத்தனார் ஏற்கெனவே இரண்டு படி ஏறிவிட்டாள்.

அப்போதுதான் மேலே பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. நாலு பேரும் வேகமாக ஏறினார்கள். கதவு உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. வள்ளல் கைப்பிடியை இரண்டு தடவை உலுக்கிப் பார்த்தார்.

கண்ணாடிக்காரி காதைக் கதவில் வைத்தாள். உள்ளே ஒரு மெல்லிய சத்தம். கொஞ்சம் நின்று மறுபடியும் கேட்டது. ஆறு வருஷமாக அவளுக்குப் பழக்கமான சத்தம்தான். கொக்கியிலிருந்து சாவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறான். ஒவ்வொரு சத்தத்துக்குப் பிறகும் அட்டை கிழிகிறது.

தன் ஆறு அட்டைகளை இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அவள் கதவை ஓங்கித் தட்டினாள்.